கடல்வழிச் சென்ற சொல்லும் கடல்வழி வந்த சொல்லும்

விழா மலர்களைப் புரட்டும் வழக்கமுடையார்க்கு ஒரு கட்டுரை தவறாது எதிர்ப்படும். பண்டைத் தமிழர் கடல் கடந்து வாணிகஞ் செய்த பெருமையை எடுத்தோதுவது அது. சாலமன் மன்னனுடைய மரக்கலங்களில் ஏறிய தோகை எபிரேய மொழியில் 'துக்கி' ஆயிற்று; அரிசி கிரேக்க மொழியில் 'ஒரூசா' ஆயிற்று; இஞ்சிவேர் 'சிங்கிபெரிசு' ஆயிற்று; ஆகவே உலகுக்கு நாகரிகம் உணர்த்தியவர் நாமே என்று அக்கட்டுரை முடியும். அதனை எழுதுவோரைக் குறை கூற யான் புகுந்தேனல்லேன். அத்தகைய கட்டுரை ஒன்றை யானும் எழுதியிருக்கிறேன். அறுபதுகளில் உயர்வகுப்பு மாணவனாயிருந்த காலை, கால்டுவெல் ஐயர் 1856 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒப்பிலக்கண நூலிற் கூறியவற்றைப் பிறர் வாயிலாகக் கேட்டறிந்து, எட்டுப் பக்கத்திற் சொற்பட்டியல் ஒன்று தொகுத்துத் தமிழாசிரியரிடம் கொடுத்தேன். அவர் எழுத்துப் பிழைகளைத் திருத்தி, கடைசிப் பக்கத்தின் ஓரத்திற் சிவப்பு மையால், "போனவற்றைக் கணக்கெடுத்தாய், வந்தவை எங்கே?" என்று எழுதித் திருப்பித் தந்தார். கட்டுரை மாணவர் மன்றத்தில் வாசிக்கப்பட்டது, கைதட்டலும் பெற்றது. ஆசிரியரின் வினாவுக்கு விடை தேட அன்று எனக்கு மனமுமில்லை, வேண்டிய நூல்களுமில்லை. இம்மலர்க் குழுவினர் ஒரு கட்டுரை கேட்டபொழுது அந்த வினாவே முதலில் நினைவுக்கு வந்தது.

அக்காலச் சூழ்நிலையை மறத்தலாகாது. 1956 ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிய பின்னர், தம் மொழி தம் நாட்டிலேயே கந்தோர்ப் படி ஏற முடியாத மொழியாயிற்றே என்ற ஏக்கம் நம்மவர்க்கு இருந்தது. கந்தோரில் இடமிழந்த மொழிக்குச் சாலமன் அரண்மனையில் இடமிருந்தது என்பது ஓர் ஆறுதல். ஆறுதலுக்காகப் பிறந்த கூற்று நாளடைவில் வரலாறாகவே கொள்ளப்பட்டது. இன்று அதே பட்டியல் கைத்தொலைபேசி வழியாக இளைஞரிடையே உலாவுகின்றது. எமது காலத்தில் இருபது சொல்லாயிருந்தது இப்பொழுது பல நூறாகப் பெருகியிருக்கிறது. எகிப்தியரின் கூர்ங்கோபுரமும் சீனரின் தேநீரும் நமது சொற்களே எனக் கூறும் துண்டு ஒன்றை என் பேரன் அண்மையில் எனக்குக் காட்டினான். தேநீரின் 'தே' தென்சீனத் துறைமுக மக்களின் சொல்; ஒல்லாந்தர் வழியாக உலகெங்கும் பரந்தது. அதனை எடுத்துக் கூறியபொழுது அவன் முகம் வாடியது. மெய்யைக் கேட்டுப் பிள்ளையின் முகம் வாடுமாறு அவனை வளர்த்தவர் நாமல்லவா?

பழைய பட்டியலையே எடுத்துக்கொள்வோம். 'துக்கி' என்பது தோகையே எனப் பலர் கொள்வர். குரங்கினத்தைக் குறித்த எகிப்தியச் சொல்லின் திரிபு அஃது எனக் கொள்வாரும் உளர். வழக்கு இன்னும் தீரவில்லை. அரிசியின் வழக்கோ பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. கிரேக்கர் நெல்லைப் பற்றிச் செவ்வையாக அறிந்தது வடமேற்குத் தரைவழியால். வடமொழி 'விரீகி'யோடு உறவுடைய பழைய ஈரானியச் சொல் ஒன்றே அவர்களிடம் 'ஒரூசா' ஆயிற்று என்பது இற்றை மொழிநூலார் பலரின் துணிபு.

பழுதின்றி நிற்பது இஞ்சி. ஆயினும் அதன் கதை நாம் மேடைகளிற் கூறும் கதையன்று. நம் இஞ்சி நேரே கிரேக்கன் கப்பலில் ஏறவில்லை. அது முதலிற் பிராகிருத மொழிகளிற் புகுந்தது. பாளியில் 'சிங்கிவேர' என வழங்கிற்று. வடமொழியாளர் கொம்பைக் குறிக்கும் தம் 'சிருங்க'த்தை அதனோடு பொருத்தி, கொம்பு வடிவினதாதலின் இப்பெயர் என்று காரணமும் கற்பித்தனர். அங்கிருந்தே மேற்கே சென்றது. இதில் நாம் கூர்ந்து நோக்கத் தக்க செய்தி ஒன்றுண்டு. பழந்திராவிடத்தில் அச்சொல் சகரத்தை முதலாகக் கொண்டிருந்தது என்றும், தென்றிராவிட மொழிகளில் அச்சகரம் தேய்ந்து மறைந்தது என்றும் திராவிட மொழிநூலார் கூறுவர். நாம் இழந்த அந்த எழுத்தைப் பாளியும் கிரேக்கமும் இன்றுவரை காத்து வைத்திருக்கின்றன. நம் சொல்லின் பழைய உருவை அறிய நாம் கடன்கொண்டவர் வீட்டுக்கே போகவேண்டியிருக்கிறது.

இனி மிளகு. சேரநாட்டு முசிறித் துறைக்கு யவனர் பொன்னொடு வந்து மிளகொடு மீண்ட செய்தியை அகநானூறு கூறும். உரோமப் பேரரசின் செல்வம் ஆண்டுதோறும் இந்தியாவுக்கு வடிந்தோடியதைப் பிளினி என்னும் உரோமப் பேரறிஞர் மனம் நொந்து எழுதினார். செங்கடற் கரையிலுள்ள பெரெனிக்கே என்னும் பழந்துறையில், கோயிலொன்றின் முற்றத்தில், இந்திய மட்சாடி ஒன்றனுள் ஏறத்தாழ 7½ கிலோ மிளகு அப்படியே கிடைத்திருக்கிறது. பண்டைக் கடல் வாணிகத்தில் நம் பக்கத்திலிருந்து சென்ற சரக்குகளுள் தலையாயது இதுவே. ஆயின் 'மிளகு' என்னும் சொல் எங்கே சென்றது? எங்கும் செல்லவில்லை. கிரேக்கர் 'பெப்பெரி' என்றனர். உரோமர் 'பிப்பெர்' என்றனர். ஐரோப்பிய மொழிகள் பலவும் அதனையே வழங்குகின்றன. அஃது 'பிப்பலி', அதாவது திப்பிலியின் பெயர். வட இந்தியாவிலிருந்து பாரசீகர் வழியாக முன்னரே அவர்கள் அறிந்திருந்த திப்பிலியின் பெயரைப் பின்னர்க் கப்பல் கப்பலாக வந்த மிளகுக்கும் இட்டு அமைந்துவிட்டனர். சரக்கின் பெருக்கம் சொல்லின் பெருக்கமாகும் என்று எண்ணுவோர்க்கு இவ்வொரு சான்றே போதும்.

அங்ஙனமாயின் சொல் எப்பொழுது கடலைக் கடக்கின்றது? இவ்வினாவுக்கு விடை காணாது சொற்பட்டியல் தொகுத்தல் வீண்.

பேசாமலே வாணிகஞ் செய்தல் கூடும். மேற்கு ஆபிரிக்கக் கரையிற் கார்த்தேசு நகரத்துப் பினீசியர் செய்த வாணிகத்தைக் கிரேக்க வரலாற்றாசிரியர் எரொடோட்டசு விரித்துரைத்துள்ளார். பினீசியர் தம் சரக்குகளைக் கடற்கரையிற் பரப்பி வைத்துவிட்டுக் கப்பலுக்கு மீண்டு புகை எழுப்புவர். ஊரவர் வந்து பொன்னை அருகில் வைத்து விலகி நிற்பர். பொன் போதாதெனின் வணிகர் மீண்டும் கப்பலிற் காத்திருப்பர். போதுமெனின் எடுத்துக்கொண்டு போவர். இருவரும் ஒருவரையொருவர் ஏமாற்றவில்லை என்று அவர் வியந்து எழுதுகிறார். அங்கே பொன் கைமாறிற்று. சொல் ஒன்றேனும் கைமாறியிராது.

நமது கடலில் அது இயலாது. காரணம் காற்று. எகிப்திலிருந்து யூலை மாதமளவிற் புறப்படும் கப்பல் தென்மேற்குக் காற்றால் உந்தப்பட்டு நம் கரைகளை அடையும். வந்த காற்றிலே திரும்புதல் முடியாது. வாடை எழுந்தபின் மார்கழியிலோ தை பிறக்கும் முன்னரோதான் மீளல் வேண்டும். இடைப்பட்ட மாதங்களை அவ்வணிகனும் அவன் ஆட்களும் எங்கே கழித்தனர்? முசிறியிலும் காவிரிப்பூம்பட்டினத்திலும் மாந்தையிலும் வீடு பிடித்துச் சமைத்துண்டு, நோயுற்று, வைத்தியனைத் தேடி, சண்டையிட்டு, சமாதானமாகிக் கழித்தனர். கடைக்காரனொடும் கூலிக்காரனொடும் படகோட்டியொடும் அயல்வீட்டாரொடும் பேசாது நான்கு மாதம் எப்படி வாழ்வது? சொல் பிறந்ததும் மாறியதும் இக்காத்திருப்பிலேதான். பட்டினப்பாலை பாடிய புலவர் பல மொழி பேசுவோர் கலந்து இனிதுறையும் துறையெனக் காவிரிப்பூம்பட்டினத்தைப் பாராட்டினார். பிற மொழி கேட்டல் துறைமுகத்துக்கு அழகென்று அவர் கருதினார் போலும்.

பிளினி கூறும் ஒரு நிகழ்ச்சி நம் நாட்டைப் பற்றியது. அன்னியசு புளோக்காமசு என்பவன் செங்கடலில் வரி தண்டும் குத்தகை பெற்றவன். அவனால் விடுதலை செய்யப்பட்ட அடிமை ஒருவன் அரேபியக் கரையோரமாகச் செல்கையிற் காற்றில் அகப்பட்டு, பதினைந்தாம் நாள் இலங்கையின் 'இப்புரோசு' என்னும் துறையில் ஒதுங்கினான். அரசன் அவனை ஆறு மாதம் விருந்தினனாக வைத்திருந்தான். அவ்வாறு மாதத்துள் அவன் இந்நாட்டு மொழியைக் கற்றுக்கொண்டு அரசன் வினாவியவற்றுக்கு விடை கூறினான். அவனிடமிருந்த உரோம நாணயங்கள் வெவ்வேறு அரசர் தலை பொறித்திருந்தும் நிறையால் ஒத்திருந்தமை கண்டு அரசன் உரோமரின் நேர்மையை மெச்சினான். பின்னர் நால்வரைத் தூதாக உரோமுக்கு அனுப்பினான். இது குளோடியசு மன்னன் காலத்தில், அதாவது கி. பி. 41க்கும் 54க்கும் இடையில் நிகழ்ந்தது என்பர். கதை கட்டுக்கதையோ என ஐயுற்றோர் இருந்தனர். ஆயின் எகிப்தின் கீழ்ப்பாலைவனத்திற் பெரெனிக்கே செல்லும் வழியிலுள்ள பாறையொன்றிற் புளோக்காமசின் அடிமை இலைசாசு என்பவன் தான் வந்து சென்றதைக் கிரேக்கத்திலும் இலத்தீனிலும் பொறித்து வைத்திருக்கிறான். ஆண்டு கி. பி. 6. பிளினி கூறியவன் இவனேயென யாரும் சாதிக்க வேண்டுவதில்லை. அக்குடும்பத்து ஆட்கள் அவ்வழியில் நடமாடினர் என்பது போதும்.

ஆறு மாதத்திற் கற்ற மொழி எது? பிளினி கூறவில்லை. தமிழென்று ஒரு சாராரும் ஈழத்துப் பிராகிருதமென்று மற்றொரு சாராரும் இதன்மேல் எழுதியவை ஏராளம். 'இப்போசு' என்பது கிரேக்கத்திற் குதிரையாதலின் இப்புரோசு நம் குதிரைமலையே எனவும் சிலர் கூறுவர். கேட்க இனிய கருத்து. ஆனால் 'இப்பூரோசு' என்பது கிரேக்கர்க்கு ஒரு மீனின் பெயருமாகும். எனக்கு இவ்வழக்குகளிற் பெரிய ஆர்வமில்லை. ஓர் அடிமையாயிருந்தவன் ஆறு மாதம் காது கொடுத்துக் கேட்டு அயலான் மொழியைக் கற்றான் என்பதே எனக்குப் பெரிதாகப் படுகின்றது. நம்முட் பலர் அறுபது ஆண்டு அயலில் வாழ்ந்தும் அதனைச் செய்யவில்லை.

செங்கடற் கரையிற் கிடைத்த தமிழ் எழுத்துக்களும் இத்தகைய எளிய மாந்தருடையனவே. குசேர் அல் கதீம் என்னும் இடத்திற் கண்ணன், சாத்தன் என்னும் பெயர்கள் ஓடுகளிற் கீறப்பட்டுக் கிடைத்தன. அங்கேயே பின்னர்க் கிடைத்த மற்றோர் ஓட்டில் 'பானை ஒறி' எனத் தமிழ்ப் பிராமியில் எழுதியிருப்பதை ஐராவதம் மகாதேவன் படித்தார். ஒறி என்பது உறி. நம் பாட்டிமார் தயிர்ச் சட்டியைத் தொங்கவிட்ட அதே உறி! அரசனுமில்லை, கொடியுமில்லை, கப்பலிற் பானை உருளாது தொங்கவிட எண்ணிய யாரோ ஒருவன் கையெழுத்து அது. தாய்லாந்தின் குவான் லுக் பட் என்னுமிடத்திற் கிடைத்த சிறு கல்லொன்றிற் 'பெரும்பதன் கல்' என்றிருக்கிறது. அது பொற்கொல்லன் ஒருவனின் உரைகல். சொக்கோத்திராத் தீவின் ஓக் குகையினுள்ளே இருநூற்றுக்கு மேற்பட்ட எழுத்துக்கள் 2000 ஆம் ஆண்டையடுத்துக் கண்டறியப்பட்டன. பெரும்பாலானவை குசராத்துப் பக்கத்து மாலுமிகள் பிராமி எழுத்திற் கீறிய தம் பெயர்கள். கிரேக்கரும் தென்னரேபியரும் எதியோப்பியரும் அங்கே எழுதியுள்ளனர். பல்மைரா நகரத்தான் ஒருவன் மரப்பலகையில் எழுதி வைத்துப்போன குறிப்புக்கு ஆண்டு கி. பி. 258. இருள் சூழ்ந்த குகைக்குள் விளக்கேந்திச் சென்று தன் பெயரைக் கீறியவன், பக்கத்தில் வேற்றெழுத்து இருப்பதைக் கண்டும் அதனை அழிக்கவில்லை.

பெருமை பேசுவார் செய்யும் வேடிக்கைக்கு ஒரு சான்று கூறி மேற்செல்வேன். எகிப்தில் ஒக்சிரிங்கசு என்னும் ஊர்க் குப்பைமேட்டிற் கிடைத்த பப்பிரசு ஏடொன்றிற் கிரேக்க நகைச்சுவை நாடகம் ஒன்றுண்டு. கிரேக்கப் பெண் ஒருத்தி இந்தியக் கரையில் அகப்பட்டுக்கொள்கிறாள். அவ்வூர் அரசனும் ஆட்களும் கிரேக்கமல்லாத மொழியொன்றைப் பேசுகின்றனர். 1904 ஆம் ஆண்டிற் குல்ச் என்னும் செருமானிய அறிஞர் அது கன்னடம் என்றார். பின் வந்தோர் துளு என்றனர். அவையோரைச் சிரிக்க வைக்க நாடகக்காரன் கட்டிய வெற்றொலியே அது என்பார் பலர். யாருக்கும் பொருள் விளங்காத உரைக்கு இத்தனை உரிமையாளர்!

ஆசிரியர் கேட்ட வினாவுக்கு வருவோம். வந்தவை எங்கே?

சங்க நூல்களிலேயே இருக்கின்றன. சிலப்பதிகாரத்து மதுரையிற் கோவலன் கடந்து சென்ற சுருங்கை வழி, கிரேக்கரின் 'சிரிங்சு' என்னும் சொல்லோடு தொடர்புடையது என்பர். வடநூலாரும் அதனைச் 'சுருங்கா' என எடுத்தாண்டனர். முல்லைப்பாட்டிற் பாசறை காக்கும் யவனனிடத்துள்ள மத்திகை, அதாவது குதிரைச் சம்மட்டி, கிரேக்க 'மாசுதிக்சு' என்பது பொருத்தமாகவே தோன்றுகின்றது. சொல்லும் சொல்லுக்குரியவனும் ஒருங்கே வந்து நிற்கின்றனர். சோதிடர் வழங்கும் ஓரை கிரேக்க 'ஓரா'. இவை சிலவே. ஆனால் இவற்றாற் சங்கத் தமிழின் மேன்மை ஒரு மாற்றேனும் குறைந்ததென்று கூறத் துணிவார் யார்?

கப்பலையே எடுத்துக்கொள்வோம். வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட 'அன்னபூரணி' 1938 ஆம் ஆண்டில் அத்திலாந்திக்கைக் கடந்து அமெரிக்காவின் குளொசுரர் துறையை அடைந்த வரலாற்றை யாம் பெருமையோடு பேசுகின்றோம். பேசவும் வேண்டும். அதனைச் செலுத்திச் சென்றவர் யாவர்? மாலுமிகள். மாலுமி என்பது 'முஅல்லிம்' என்னும் அரபுச் சொல். (அரபு மொழியில் ஆசிரியனுக்கும் அதுவே பெயர், நமது கல்லூரி ஆசிரியர்கள் இதனைக் கேட்டு மகிழ்வாராக.) அவன் பிடித்த சுக்கானும் அரபுச் சொல். அவன் இறக்கிய நங்கூரம் பாரசீகரின் 'இலங்கர்'. பழைய தமிழில் மீகாமன் என்ற சொல் இருந்தது. அது ஏட்டிலே தங்கிவிட்டது. பன்னூறு ஆண்டு அரபுக் கலஞரோடு ஒரே துறையில் நின்று ஒரே காற்றுக்குக் காத்திருந்த நம் கடலோடிகள் அவர்கள் சொல்லையே கைக்கொண்டனர். அவர்களும் பிறரும் நம்மிடமிருந்து கொண்டனர். கட்டுமரம் ஆங்கிலேயன் அகராதியிலிருக்கிறது. கயிறு மலையாளத்தின் வழியாக அங்கே போயிருக்கிறது. மலாய் மக்கள் கப்பலைக் 'காப்பல்' என்பர். கட்டிலும் பெட்டியும் கடையும், வாணிகத்துக்கு இடும் முதலும், அவர்கள் வீட்டிலும் சந்தையிலும் அப்பெயர்களாலேயே வழங்குகின்றன. அவர்களது சம்பல் நம் இடியப்பத்துக்குத் துணையாயிற்று.

கடல்வழி வந்தோர் எல்லாரும் நட்பாக வந்தவரல்லர் என்பதை யான் மறந்தேனல்லேன். 1619 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் நம் கோயில்களை இடித்தனர். அவர்கள் விட்டுச் சென்ற கதிரையிலிருந்து, யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, பாண் உண்கின்றோம். இச்சொற்களை நீக்கல் வேண்டுமென்பார் உளர். நல்ல தமிழ்ச்சொல் எளிதாகக் கிடைக்குமிடத்து அதனை வழங்குவதை யானும் விரும்புகின்றேன். புதிய அறிவியற் சொற்களைத் தமிழ் வேரிலிருந்து ஆக்கும் முயற்சி போற்றத்தக்கது. எனக்கு உடன்பாடில்லாதது வேறு. வந்த சொல்லுக்குப் பொய்யான தமிழ்ப் பிறப்பு எழுதிக் கொடுத்தலும், சென்ற சொல்லைப் போரிற் கவர்ந்த பொருள் போற் காட்சிக்கு வைத்தலும் ஒரே பிழையின் இரு முகங்கள். ஒரு மொழி கடன் கொண்டது என்றால் அதனைப் பேசியோர் பிறரோடு பழகினர் என்பதே பொருள், தாழ்ந்தனர் என்பதன்று. நம் பட்டியலின்படி கிரேக்கர் நம்மிடம் இத்தனை சொல் கடன் கொண்டனரே, அதனால் அவர்கள் தாழ்ந்தனர் என்று நாம் கூறுகின்றோமா?

இனி நம் தீவிலுள்ள மூன்று கற்களைப் பற்றிக் கூறல் வேண்டும். முதலாவது அனுராதபுரத்தில் உள்ளது; கி. மு. இரண்டாம் நூற்றாண்டளவினது. தமிழ் இல்லறத்தார் கூடியிருத்தற்கென அமைந்த மேடையில் அவரவர் ஆசனத்தைக் குறித்துப் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவருள் ஒருவன் நாவிகன், அதாவது கடலோடி. அமைத்தவர் தமிழர், சாசன மொழியோ இந்நாட்டுப் பிராகிருதம். இரண்டாவது நயினாதீவிலுள்ளது. பன்னிரண்டாம் நூற்றாண்டிற் பொலனறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு பொறிப்பித்தது. 1963 ஆம் ஆண்டிற் கா. இந்திரபாலா அதனை ஆராய்ந்து வெளியிட்டார். அயல்நாட்டார் ஊராத்துறைக்கு வந்து தங்குதல் வேண்டும், அவர்க்குப் பாதுகாப்பு அளித்தல் வேண்டும். யானையும் குதிரையும் கொண்டுவரும் கலம் உடையுமாயின் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. ஏனைச் சரக்குக் கலமாயின் பாதிக்குப் பாதி என்பது அதன் கட்டளை. சிங்கள மன்னன் ஆணை, மொழி தமிழ். அத்துறையிற் படிக்கவேண்டியவர் படிக்கும் மொழியில் எழுதினாற்றான் சட்டம் பயன்படும் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. மூன்றாவது, 1911 ஆம் ஆண்டிற் காலியில் அகப்பட்டுக் கொழும்பு நூதனசாலையிற் சேர்ந்த சீனக் கல். 1409 ஆம் ஆண்டுத் தேதியிட்டு, செங் ஹோ என்னும் கடற்படைத் தலைவனாற் கொண்டுவரப்பட்டது. சீன மொழியிற் புத்தரையும், தமிழிலே தெனாவரை நாயனாரையும், பாரசீகத்தில் இசுலாத்தையும் போற்றி, ஏறக்குறைய ஒத்த காணிக்கைகளை மூன்றிலும் குறிக்கின்றது. அச்சீனர் வெறும் விருந்தினராக வந்தாரல்லர். கோட்டை மன்னனைச் சிறைசெய்து கொண்டு போனவர். அவர்களும் இத்தீவில் ஒரு மொழியால் மட்டும் பேசுதல் போதாதென்று அறிந்திருந்தனர்.

1956 ஆம் ஆண்டிற் சட்டமியற்றியோர் இம்மூன்று கற்களையும் படித்தவர்களாகத் தோன்றவில்லை. நாமும் படித்தவர்களாகத் தோன்றவில்லை என்பதைச் சேர்த்துச் சொல்லாவிடின் என் வாதம் ஒருபுறச் சாய்வுடையதாகும். சிங்களவர் 'கடே' என்பதும் 'அக்கா' என்பதும் நம் கடையும் அக்காவுமே என்று நாம் மகிழ்ந்து கூறுவோம். ஆனால் அம்மொழியிற் கடிதமொன்று எழுதத் தெரிந்தார் நம் பழைய மாணவருள் எத்தனை பேர்? தமிழுக்குரிய உரிமையைக் கேட்பது வேறு. அயலான் மொழியைக் கல்லாதிருப்பது வேறு. முன்னையதை ஒருபோதும் விடலாகாது. பின்னையதைக் கொள்கையென்று பாராட்டியதால் நாம் பெற்ற ஊதியம் யாதென எனக்கு விளங்கவில்லை.

கல்லூரிக்கு யான் கூற விரும்புவன சில. உயர்வகுப்பில் வரலாறும் தமிழும் பயில்வோர்க்கு ஒரு தவணையிற் பிராமி எழுத்தைக் கற்பித்தல் கடினமன்று. நாற்பது எழுத்துக்குள் அடங்குவது. ஆனைக்கோட்டையிற் கிடைத்த முத்திரையின் படத்தைத் தானே எழுத்துக்கூட்டிப் படிக்கும் மாணவன், கைத்தொலைபேசியில் வரும் துண்டுகளை எளிதில் நம்பமாட்டான். சிங்களத்தைத் தேர்வுக்காகவன்றிப் பேசவும் எழுதவும் கற்பிக்க ஆசிரியர் ஒருவரை அமர்த்தப் பழைய மாணவர் சங்கம் பொருளுதவி செய்தல் தகும். விளையாட்டு மண்டபத்துக்குத் தண்டிய நிதியில் ஒரு சிறு கூறு அதற்குப் போதும்.

மூன்றாவது அவசரமானது. சோளகம், வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்குப் பெயரிட்டு, வள்ளத்தின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு சொல் வைத்திருந்த முதியோர் மறைந்து வருகின்றனர். 1990 ஆம் ஆண்டில் இடம்பெயர்ந்த மயிலிட்டி மக்களுக்கு அவர்தம் துறை 2017 ஆம் ஆண்டிலேதான் திரும்பக் கிடைத்தது. இருபத்தேழு ஆண்டு முகாமிலும் அயலூரிலும் வளர்ந்த பிள்ளைக்கு அச்சொற்களை யார் கூறியிருப்பர்? வல்வெட்டித்துறையிலும் ஊர்காவற்றுறையிலும் மயிலிட்டியிலும் எஞ்சியுள்ள முதியோரிடம் மாணவர் சென்று, கேட்டது கேட்டவாறே எழுதிவருதல் வேண்டும். அவற்றுள் அரபும் இருக்கும், மலாயும் இருக்கும், சிங்களமும் இருக்கும். எதனையும் தமிழாக்கித் திருத்தாது எழுதுமாறு அவர்களுக்குச் சொல்லி அனுப்புக.

இப்பணியை நயினாதீவிலிருந்து தொடங்கலாம் என்பது என் எண்ணம். குறிகட்டுவானிற் படகேறினாற் சிறிது நேரத்தில் அம்மன் கோயிலை அடையலாம். சாசனக் கல் அங்கே இருக்கிறது. வருகின்ற சித்திரை விடுமுறையில் உயர்வகுப்பு மாணவரை அழைத்துச் செல்ல ஆசிரியர் ஒருவர் முன்வருவாராயின், படகுக் கூலியையும் மதிய உணவையும் எனது ஆண்டுத் தொகுதியினர் ஏற்றுக்கொள்வோம். போகும் வழியில் ஓட்டியிடம் சுக்கானுக்கு அவர் வழங்கும் பெயர் யாதென ஒரு மாணவன் கேட்டுக் குறிப்பேட்டின் முதற் பக்கத்தில் எழுதட்டும்.